ஒரே மூச்சில் சொன்னது

பெண்டாட்டி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு சொன்ன ஒரு வாக்கியத்தைக் கேட்டு, "அருமை" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் தெருவில் இருந்தார். கெட்டவர் என்று நினைத்துவிட வேண்டாம். குடி கிடையாது, சூது கிடையாது, அவர் குரலை உயர்த்தி அந்த வீட்டுச் சுவர்கூடக் கேட்டதில்லை. அவர் பார்த்த வேலை அப்படி.

கடைத்தெருவில் ஒரு டயர்க் கடை. அதற்கு மேல் மாடியில் ஓர் அகராதி அலுவலகம். கீழே ரப்பர் வாடை, மேலே பழைய காகித வாடை, இரண்டும் கலக்கும் மாடிப்படியில் ஏறினால் யாருக்கும் இரண்டு தும்மல் நிச்சயம். அங்கே ஒரு சொல்லுக்குப் பொருள் எழுதுவது சிலருடைய வேலை. அந்தச் சொல்லை உயிருள்ள மனிதர்கள் எப்படிப் பேச்சில் புழங்குகிறார்கள் என்று காட்ட ஒரு வாக்கியம் பிடித்துக்கொண்டு வருவது இவருடைய வேலை. அதனால் இவருக்கு உதாரணக்காரர் என்று பேர் வந்தது. வீட்டில் வைத்த பேரை ரேஷன் கார்டு மட்டும்தான் ஞாபகம் வைத்திருந்தது.

பதிப்பாசிரியருக்குக் கத்தரி என்று பேர். பத்து வாக்கியம் கொண்டுபோனால் ஒன்பதை வெட்டுவார், மிச்சமிருக்கும் ஒன்றையும் முறைப்பார். அவர் போட்ட சட்டங்கள் கடுமையானவை. வாக்கியத்தை மேஜையில் உட்கார்ந்து கற்பனை செய்யக் கூடாது. யாரோ ஒருவர் நிஜமாகவே சொல்லியிருக்க வேண்டும். கேள்வி கேட்டு வாயைக் கிளறவும் கூடாது. தானாக விழ வேண்டும். சேகரிக்கிறவர் தன் வாயால் சொன்னது செல்லாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தினமும் காலையில் எல்லாரும் கூடி உட்கார்ந்ததும், அந்த வாக்கியத்தைக் கேட்ட குரலிலேயே, கேட்ட இழுப்போடு சொல்லிக் காட்ட வேண்டும். குரல் போனால் பொருளில் பாதி போச்சு என்பது கத்தரியின் கட்சி.

இந்தக் கடைசிச் சட்டத்துக்காகவே பிறந்தவர் உதாரணக்காரர். ஒருமுறை டயர்க் கடைக்காரரின் மனைவி பேசிய வாக்கியத்தை மாடியில் சொல்லிக் காட்டினார். கீழே பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்த டயர்க் கடைக்காரர் இரும்புக் கம்பியோடு மேலே ஓடிவந்து, மேஜைக்கு அடியிலெல்லாம் தேடி, "எம் பொண்டாட்டி எங்கய்யா" என்று கேட்டார். அவரைச் சமாதானப்படுத்த இன்னொரு முறை சொல்லிக் காட்ட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் அவருக்கு உண்மையாகவே பயம் வந்தது.

பெயராகவும் வினையாகவும் நடக்கிற சொற்கள்தான் அலுவலகத்தில் பெரிய தலைவலி. பூட்டு என்றால் கதவில் தொங்குவதும் அதுதான், கதவுக்குச் செய்கிற காரியமும் அதுதான். இந்த மாதிரிச் சொற்களை அங்கே ரெட்டைவேலைச் சொல் என்பார்கள். ரெட்டைவேலைச் சொல்லுக்கு இரண்டு வாக்கியம் போதாது, ஒரே வாயிலிருந்து ஒரே மூச்சில் இரண்டும் வர வேண்டும் என்று கத்தரிக்கு ஓர் ஆசை. "பூட்டு இருக்கு, பூட்டத்தான் ஆள் இல்ல" என்று ஒரு கிழவி பஸ்ஸில் சொன்னதைப் பிடித்துவந்தது உதாரணக்காரர்தான். முழு வாக்கியம் முடிகிற வரைக்கும் இறங்க மனம் வராமல் கடைசி நிறுத்தம்வரை போய்விட்டார். மைதானத்தின் ஓரம் நின்று, "நான் உதைச்சா உதை, நீ உதைச்சா விளையாட்டா" என்று ஒருவன் கத்தியதைக் கேட்டுப் பூரித்து நின்றபோது, அந்தப் பந்து அவர் மூக்கில் வந்து விழுந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டே சிரித்தார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

இவ்வளவு காது இருந்தும் அவருக்கு எதுவும் கேட்காது. அதுதான் விசேஷம். வார்த்தை போய்ச் சேரும், சேதி வாசலிலேயே நின்றுவிடும். கூடப் பிறந்த அண்ணன் குடும்பத்தோடு கடல் கடந்து போகிறேன் என்று வீட்டுக்கு வந்து விடைபெற்றார். இவர் "கடல் கடந்து" என்ற பிரயோகத்தை மெச்சி வழியனுப்பிவிட்டு, சில மாதம் கழித்து, "அண்ணனை இந்தப் பக்கமே காணமே" என்றார். மகள், பார்த்துக்கொண்டிருந்த வங்கி வேலையை விட்டுவிட்டதாகச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள். "ராஜினாமாவை எவ்வளவு சுத்தமா உச்சரிக்கிற" என்று பாராட்டினார். அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, எல் போர்டு மாட்டிய காரை வாசலில் நிறுத்த ஆரம்பித்த பிறகு, "யார் காரும்மா இது, தினமும் நம்ம வாசல்ல நிக்குது" என்று கேட்டார். மகளுக்குக் கோபம்கூட வரவில்லை.

"அம்மா, அப்பாவுக்கு இருக்கிறது காது இல்ல, சல்லடை" என்றாள்.

"சல்லடைல பெருசாவது நிக்கும்டி. இவர்கிட்ட உமிதான் நிக்குது" என்றாள் மனைவி.

இதையும் அவர் குறித்துக்கொண்டார். சல்லடைக்கு ஆயிற்று.

மனைவி தையல்காரி. வீட்டின் முன்னறையில் மோட்டார் வைத்த தையல் மிஷின், ஜன்னலோரம் துணி அடுக்கு, கழுத்தில் எந்நேரமும் அளவு நாடா. அவள் பேச்சே தனி. சாதாரணமாக ஒரு விஷயத்தைச் சொன்னால்கூட அதற்கு ஒரு முந்தானை இருக்கும். அந்த அகராதியில் உள்ள நல்ல வாக்கியங்களில் பாதி அவளுடையவை என்று சொன்னால் நம்புகிறவர்கள் நம்பலாம். "நம்ம வீட்டில நான் கத்தினாலும் வீணாப் போறதில்ல, புத்தகத்துல ஏறிடுது" என்று வாடிக்கையாகத் துணி தைக்க வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். கத்தரி அவளை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஆனால் தினமும் உதாரணக்காரரின் வாயிலிருந்து அவள் குரல் வந்துகொண்டே இருந்ததால், அலுவலகம் முழுவதற்கும் அவள் பேச்சு மனப்பாடம். சில காலை நேரங்களில் கத்தரியே, "இன்னைக்கு அந்தம்மா ஒண்ணும் சொல்லலையா" என்று ஏக்கமாகக் கேட்பார்.

அகராதி 'அ'வில் தொடங்கி, 'க'வை முடித்து, 'த'வைத் தாண்டி, 'ப'வில் மூச்சுமுட்டி, 'ம'வைக் கடந்து, 'வ'வுக்கு வந்து சேர்ந்தது. அங்கேதான் 'வலி' என்ற ரெட்டைவேலைச் சொல் குறுக்கே படுத்துக்கொண்டது.

வலிக்கு வாக்கியமா பஞ்சம் என்று தோன்றும். உதாரணக்காரருக்கும் அப்படித்தான் தோன்றியது. கால் வலி என்கிறார்கள், கால் வலிக்குது என்கிறார்கள், தெருவுக்கு நூறு கிடைக்கும். கத்தரி அத்தனையையும் வெட்டினார். "ரெண்டும் ஒரே சேதிதானே, உதாரணம்? அப்ப மொழிக்கு ரெண்டு எதுக்கு? பெயர் செய்யற வேலையை வினை செய்ய முடியாது, வினை செய்யறதைப் பெயர் செய்ய முடியாது. அது தெரியற மாதிரி ஒரு மூச்சு கொண்டாங்க."

உதாரணக்காரர் எலும்பு முறிவு மருத்துவரின் காத்திருப்பு அறையில் போய் உட்கார்ந்தார். அங்கே ஆட்கள் பல்லைக் கடித்தார்கள், பேசவில்லை. பல் மருத்துவரிடம் போனார். அங்கே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு "ம்ம்" என்றார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுகிற அளவுக்கு வலி இருக்கிறவனுக்கு மூச்சு இருப்பதில்லை. தினமும் வந்து உட்கார்ந்துவிட்டு உள்ளே வராமல் போகும் ஆளைப் பார்த்துப் பல் மருத்துவர், பாவம், பயப்படுகிறார் போலிருக்கிறது என்று நினைத்துத் தானே கையைப் பிடித்துக் கூட்டிப்போய் நாற்காலியில் சாய்த்து, ஒரு நல்ல கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிவிட்டார். உதாரணக்காரர் வாயில் பஞ்சோடு வீட்டுக்கு வந்தார். வலியென்றால் அப்படி ஒரு வலி. ஆனால் தன் வாயால் சொன்னது செல்லாது என்று சட்டம் இருந்ததால் அவருக்கு அதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

"நல்ல பல்லையா எடுத்தாங்க? நீங்க சும்மா உக்காந்திருந்தீங்களா?" என்று மகள் வாய் பிளந்தாள்.

"பேச முடியலம்மா. வாயைத் திறந்து வச்சிருந்தாங்க."

இப்படி ஒரு மனிதர் வீட்டில்தான் அந்தக் காலை விடிந்தது. மகள் விடியும் முன்பே காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மனைவி மிஷினில் உட்கார்ந்து யாருக்கோ அவசரமாக ஒரு சட்டைக் கையை இணைத்துக்கொண்டிருந்தாள். இடையில் நிறுத்தினாள். இடக் கையை உதறினாள். அந்தக் கையை நெஞ்சுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள். நெற்றியில் வேர்த்திருந்தது. உதாரணக்காரர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்றார்.

"ஏங்க," என்றாள், மெதுவாக. "இந்த வலி எப்பவும் வர்ற வலி இல்ல. எங்க வலிக்குதுன்னே சொல்லத் தெரியல."

உதாரணக்காரரின் கை பொத்தானிலேயே நின்றது. முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆயிற்று. எந்த வலி என்பதைப் பெயர் சொல்கிறது, எங்கே என்பதை வினை தேடுகிறது. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்க முடியாது. ஒரே வாய், ஒரே மூச்சு.

"அருமை" என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள். எப்படிப் பார்த்தாள் என்று பிறகு எத்தனை பேர் கேட்டும் அவரால் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அவர் அப்போது செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். வாய்க்குள் அந்த வாக்கியத்தை உருட்டிக்கொண்டே, குரல் கலைந்துவிடக் கூடாது என்று வழியில் ஒருவரிடமும் பேசாமல், பஸ்ஸில் சீட்டுக்குக்கூடக் கையாலேயே ஜாடை காட்டி, டயர்க் கடை மாடிக்குப் போய்ச் சேர்ந்தார்.

காலைக் கூட்டம் தொடங்கியது. கத்தரி மேஜையின் தலைமாட்டில், பொருள் எழுதுகிறவர்கள் இரண்டு பக்கமும், தட்டச்சு செய்யும் அம்மாள் ஜன்னல் பக்கம்.

"வலி" என்றார் உதாரணக்காரர், கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை அறிமுகப்படுத்துகிற மாதிரி. "கிடைச்சிடுச்சு."

"யார் வாய்?"

"வீட்டு வாய்."

கத்தரி நிமிர்ந்து உட்கார்ந்தார். உதாரணக்காரர் கண்ணை மூடினார். இடக் கையை உதறினார். நெஞ்சில் வைத்தார். பிறகு அவர் வாயிலிருந்து அந்தக் குரல் வந்தது. நடுவில் ஒரு சின்ன இழுப்பு, "வலி இல்ல" என்பதற்குப் பிறகு ஒரு நிறுத்தம், அந்த நிறுத்தத்துக்குள் ஒரு மூச்சு பாதியில் திரும்பிப் போன சத்தம், கடைசியில் "தெரியல" என்பது ஏறக்குறையக் காற்றாகவே முடிந்தது. ஒன்றுகூடத் தவறாமல் செய்தார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக வேறெதையும் செய்ததில்லை.

கண்ணைத் திறந்தபோது ஒருவரும் அசையவில்லை. மெச்சுகிறார்கள் என்று நினைத்தார்.

கத்தரி மெதுவாகக் கேட்டார். "அந்தம்மா குரல் இப்படி இருக்காதே. நடுவுல அது என்ன?"

"எது?"

"அந்த மூச்சு. அதை நீங்க சேர்த்தீங்களா?"

"நான் எதுவும் சேர்க்க மாட்டேனே. அவ சொன்னது அப்படித்தான்."

தட்டச்சு அம்மாள் எழுந்து நின்றாள். அவள் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது, அதை யாரும் எடுக்கவில்லை. "எங்க அண்ணன் இப்படித்தான் சார் பேசினான்" என்றாள். "நெஞ்சில கையை வச்சுக்கிட்டு, இதே மாதிரி நிறுத்தி. நாங்க சுக்கு இருக்கான்னு தேடிக்கிட்டிருந்தோம். தேடி முடிக்கிறதுக்குள்ள போயிட்டான். சார், இது எப்ப சொன்னது?"

"காலைல. கிளம்பும்போது."

"வீட்டில யார் இருக்கா?"

உதாரணக்காரரின் இடக் கை இன்னும் நெஞ்சிலேயே இருந்தது; அவர் அதைக் குனிந்து பார்த்தார். அவள் கை இருந்த அதே இடம். அப்போதுதான், பஸ் பிடித்து, படியேறி, கூட்டத்தில் உட்கார்ந்து, தன் வாயாலேயே சொல்லிக் காட்டிய பிறகு, அவள் என்ன சொன்னாள் என்பது அவருக்குக் கேட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கத்தரிதான் தொலைபேசியைப் பிடுங்கினார். வீட்டில் மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. தட்டச்சு அம்மாள் உதாரணக்காரரின் மகளைக் கைபேசியில் கூப்பிட்டாள்.

மகள் அந்த நேரம் ஊர் நடுவில், ஒரு ரொட்டிக்கடைக்காரருக்குக் காரைத் திருப்பக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் ஓட்டுநர் தேர்வில் பலமுறை தோற்றவர். இரண்டாவது கியரைத் தாண்டினால் கண்ணை மூடிக்கொள்கிற பேர்வழி. மகள் விஷயத்தைக் கேட்டதும் பக்கத்து வீட்டுக்காரியைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"அக்கா, அம்மா என்ன பண்றாங்கன்னு கொஞ்சம் எட்டிப் பாருங்க."

"என்னடி பதற்றம்? மிஷின் சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. நிக்காம ஓடிட்டிருக்கு. வேலையாத்தான் இருக்கா."

மகளுக்கு மூச்சு வந்தது. "அப்பா புத்தி தெரியாதா" என்று சொல்லிக்கொண்டாள். ஆனாலும் வீடு அடுத்த தெருதான், ஒரு எட்டுப் பார்த்துவிடலாம் என்று காரை அங்கே விடச் சொன்னாள்.

மிஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஊசி மேலும் கீழும் துணியில்லாமல் குத்திக்கொண்டிருந்தது. சட்டைக் கை எப்போதோ ஊசியைத் தாண்டித் தரைக்குப் போயிருந்தது. அம்மா அதே தரையில், சுவரில் சாய்ந்து, ஒரு காலை மிஷினின் மிதியில் மாட்டிக்கொண்டு கிடந்தாள். அந்தக் காலின் கனத்தில்தான் மிஷின் ஓடியது. முகம் மாவு பூசிய மாதிரி இருந்தது. கண் திறந்திருந்தது. மகளைக் கண்டதும் கையைப் பிடித்தாள். பிடித்த பிடியை விடவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து வாசலில் நின்று தன் வாயையே அறைந்துகொண்டாள். அவளும் மகளுமாகத் தூக்கிக் காரின் பின் சீட்டில் கிடத்தினார்கள். மகள் முன்னால் வந்து ஓட்ட வேண்டும். அம்மாவின் பிடி தளரவில்லை. அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு வர மகளுக்குத் தைரியம் இல்லை.

"நீங்களே ஓட்டுங்க" என்றாள் ரொட்டிக்கடைக்காரரிடம்.

"நானா? பக்கத்தில நீங்க இல்லாமயா?"

"ஓட்டுங்கண்ணா."

அன்றைக்குத்தான் மூன்றாவது கியர் என்று ஒன்று இருப்பதை ரொட்டிக்கடைக்காரர் கண்டுபிடித்தார். நான்காவதையும் கண்டுபிடித்தார். ஆம்புலன்ஸுக்கு யோசித்து வழிவிடுகிறவர்கள், எல் போர்டு போட்ட கார் அந்த வேகத்தில் வருவதைக் கண்டதும் நடைபாதையிலேயே ஏறி நின்றார்கள். போக்குவரத்துக் காவலர் விசிலை வாயில் வைத்தவர் ஊதவில்லை. விழுங்கிவிட்டார் என்றும் ஒரு பேச்சு உண்டு. ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தும்போது பக்கத்துக் காருக்கு ஒரு விரல்கூட இடைவெளி இல்லாமல், ஆனால் ஒரு கீறல்கூடப் படாமல் நிறுத்தினார். அப்புறம் இறங்கி, செடி ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார்.

உதாரணக்காரரைக் கத்தரியும் தட்டச்சு அம்மாளும் வாடகைக் காரில் கூட்டிவந்தபோது, அவசரப் பிரிவு வாசலில் இளம் டாக்டர் அம்மாள் ஒருத்தி மகளிடம் பேசிக்கொண்டிருந்தாள். இதயத் துடிப்பைப் பதிந்து பார்த்த தாளில் சந்தேகமாக இருக்கிறது, உறுதியாகத் தெரியவில்லை. ராத்திரி பகல் தையல் வேலை என்கிறீர்கள், தோள் பிடிப்பாகவும் இருக்கலாம். உடனே உள்ளே கொண்டுபோவதா, காத்திருந்து இன்னொரு முறை பார்ப்பதா என்று தீர்மானிக்க வேண்டும்.

"இதுக்கு முன்னாடி ஏதாவது சொன்னாங்களா? எப்பலேருந்து?"

"தெரியல டாக்டர். எங்கிட்ட ஒண்ணுமே சொன்னதில்ல" என்றாள் மகள்.

"கவிலேருந்து" என்றார் உதாரணக்காரர், பின்னாலிருந்து.

டாக்டர் திரும்பினாள். "எதிலேருந்து?"

"க. போன வருஷம்." அவர் முகத்தில் இரத்தமே இல்லை. "களைப்புக்குச் சொன்னா. 'தூங்கி எழுந்த களைப்பு தூங்கினாப் போகுமாங்க.' அப்புறம் த. தோள். 'தோளைக் கழட்டி ஆணியில மாட்டினா நல்லாயிருக்கும், அப்படிக் கடுக்குது.' அதுக்கப்புறம் ப. படிக்கு ஒண்ணு சொன்னா, 'படி ஏறினா மூச்சு எனக்கு முன்னாடி மேல போயிடுது.' பாரத்துக்கு ஒண்ணு. 'நெஞ்சு மேல யாரோ மிஷினைத் தூக்கி வச்ச மாதிரி பாரம்.' அது மழைக்கு முன்னாடி. மவுல, 'விரல் மரத்துப் போகுது, ஊசி குத்தினாலும் அடுத்தவ விரல் மாதிரி இருக்கு.' இன்னைக்கு வ."

ஒவ்வொன்றையும் அவள் குரலிலேயே சொன்னார். வேறு குரலில் சொல்ல அவருக்குத் தெரியாது. மூடிய கதவுக்கு உள்ளே படுத்திருக்கிறவள் வாசலில் நின்று பேசுகிற மாதிரி இருந்தது. ஒரு நர்ஸ் கையிலிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டாள். கத்தரி சுவரைப் பிடித்துக்கொண்டார். இவை அத்தனையும் அவர் ரசித்த வாக்கியங்கள். களைப்பு எழுதிய சீட்டு ஒரு பெட்டியில், பாரம் ஒரு பெட்டியில், மரத்தல் இன்னொரு பெட்டியில் போய் உட்கார்ந்துகொண்டதால், ஒரு பெண்பிள்ளை அகர வரிசையில் செத்துக்கொண்டிருந்தது அந்த மாடியில் ஒருவருக்கும் தெரியவில்லை.

டாக்டர் அதற்குமேல் நிற்கவில்லை. "உள்ள கொண்டு போங்க, இப்பவே" என்று சொல்லிக்கொண்டே ஓடினாள்.

மகள் அப்பாவின் முன்னால் வந்து நின்றாள். அவள் அழவில்லை. அழுகிறதற்கு முன்னால் வருகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"இத்தனையும் அம்மா உங்ககிட்ட சொன்னாங்களா?"

"சொன்னா."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

அவர் மகள் முகத்தைப் பார்த்தார், உண்மையாகவே யோசித்தார். "எல்லாமே பாஸ் ஆச்சும்மா" என்றார்.

அதைக் கேட்டதும் மகள் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

தொடை வழியாகக் குழாய் விட்டு, இதயத்துக்குப் போகும் இரத்தக் குழாயில் இருந்த அடைப்பை எடுத்தார்கள். பிழைத்துவிடுவாள் என்று டாக்டர் வந்து சொன்னபோது முதலில் உட்கார்ந்து அழுதவர் ரொட்டிக்கடைக்காரர்தான். அவர் போகாமலே இருந்தார் என்பது அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது.

மனைவி கண் விழித்த சமயம், பக்கத்தில் நாற்காலியில் உதாரணக்காரர் இருந்தார். மகள் கால்மாட்டில் நின்றாள். மனைவி அவரை நெடுநேரம் பார்த்தாள். பிறகு உதட்டைப் பிரித்தாள்.

"தொண்டை காஞ்சு ஒட்டிக்கிச்சு."

பழக்கம் விடுமா. அவர் உதடு சத்தமில்லாமல் அசைந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"நான் என்ன சொன்னேன்?"

"தொண்டை காஞ்சு ஒட்டிக்கிச்சு" என்றார், அவள் குரலில், அந்தக் கரகரப்போடு. மருந்து கலந்துகொண்டிருந்த நர்ஸ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அந்த வார்த்தை எனக்கே தெரியும். நான் என்ன சொன்னேன்?"

உதாரணக்காரர் விழித்தார். பெரிய கணக்குப் போடுகிறவர் மாதிரி விழித்தார். மகளைப் பார்த்தார், அவள் உதவி செய்வதாக இல்லை. ஜன்னலைப் பார்த்தார். திடீரென்று நாற்காலி கிறீச்சிட எழுந்து, கூஜா எங்கே, டம்ளர் எங்கே என்று அந்த அறை முழுவதும் தடவ ஆரம்பித்தார்.

"இப்ப குடிக்கக் கூடாதுங்க. பஞ்சை நனைச்சு உதட்டில மட்டும் வைங்க" என்றாள் நர்ஸ்.

வைத்தார். உதட்டில் பாதி, கழுத்தில் பாதி.

"கழுத்து நனைஞ்சது போதும். அது ஒண்ணும் கேக்கல" என்றாள் மனைவி. மகள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள், சிரித்தாளோ அழுதாளோ.

வீட்டுக்கு வந்தபின் ஒருநாள் கத்தரி பழக்கூடையோடு வந்தார். முதன்முதலாக அவளை நேரில் பார்த்தார். அவள் வாயைத் திறந்து "வாங்க, உக்காருங்க" என்று சொன்னதும் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருஷமாக மீசை வைத்த வாயிலிருந்து கேட்ட குரல். கொஞ்சநேரம் பழத்தைப் பற்றியும் மாத்திரையைப் பற்றியும் பேசிவிட்டு, நாற்காலி நுனிக்கு வந்தார். 'வ' வரிசை அச்சுக்குப் போகிறது என்றார். வலி மட்டும் காலியாக நிற்கிறது என்றார். அதைவிட நல்ல வாக்கியம் அந்த அகராதியில் எந்தச் சொல்லுக்கும் இல்லை, சட்டப்படியும் குறையில்லை, கேட்கவே கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன் என்றார். கேட்டது உதாரணக்காரரிடம்.

"அவளைக் கேளுங்க" என்றார் உதாரணக்காரர். அவர் மிஷினுக்குக் கீழே உட்கார்ந்து, சிதறிக் கிடந்த ஊசிகளைக் காந்தத்தால் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவள் காலையில் கேட்டிருந்தாள்.

கத்தரி அவள் பக்கம் திரும்பினார்.

"அது நான் இவர்கிட்ட சொன்னதுங்க" என்றாள் அவள். "இவருக்கே இப்பத்தான் போய்ச் சேர்ந்துக்கிட்டிருக்கு. அதுக்குள்ள ஊருக்கு எதுக்கு?"

கத்தரி எழுந்து கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார். ஆனால் அச்சகம் காத்திருக்காதே. அன்றே அவர் மேஜையில் உட்கார்ந்து, தான் போட்ட சட்டங்களைத் தானே மீறித் தன் கையாலேயே ஒன்று எழுதினார். அந்த அகராதியைப் புரட்டினால் வலி என்ற சொல்லுக்கு எதிரே இப்படி இருக்கும்: 'எனக்குத் தலை வலிக்கிறது, அது கடுமையான வலி ஆகும்.' முழுப் புத்தகத்திலும், உயிருள்ள எவரும் ஒருபோதும் சொல்லியிராத வாக்கியம் அது ஒன்றுதான்.